ஓடைக்குள் போட்ட வீடு

வத்தேகமைப் பக்கத்து வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். என் வீடு ஓடைக்குள் நிற்கும். கரையில் அல்ல, நடு ஓடையில். இத்தனை வருஷமாகியும் அந்தக் கொதி எனக்கு அடங்கவில்லை. கல்லும் மண்ணும் நானே சுமந்து மேட்டில் கட்டிய வீடு அது. அதைத் தூக்கித் தண்ணீரில் போட்டவர் செல்லப்பா ஐயா.

கண்டியில், விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் செய்யும் கந்தோர் ஒன்றில் அவர் மிசின்காரர், நான் வேன் டிரைவர். அவர் யாழ்ப்பாணத்து ஆள். மிசின் வெளிநாட்டுச் சாமான். அதன் இரண்டு குழாய்களில் கண்களை வைத்தால், ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த படங்கள் ஒன்றாகிவிடும். ஹந்தானை மலை மூக்குக்கு நேரே எழும்பி நிற்குமாம். உள்ளே வெளிச்சப் புள்ளி ஒன்று மிதக்கும். கைச்சக்கரத்தைச் சுற்றி அதை நிலத்தில் உட்கார வைக்கவேண்டும். மற்றதையெல்லாம் கம்பியூட்டரே கணக்குப் பார்த்துக் கீறிவிடும். புள்ளி அந்தரத்தில் நின்றால் வீடும் தள்ளிப்போய் விழும். ஆகவே மிசினுக்கு முன்னால் கதிரையில் இருக்கிற ஆளுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவேண்டும்.

அந்த அறைக்கு மட்டும்தான் ஏசி. ஐயா ஸ்வெட்டரும் மப்ளருமாக நுவரெலியாவுக்குப் பயணம் போகிறவர் மாதிரி உள்ளே போவார். வேறு யாராவது கதிரையில் குந்திவிட்டால் போதும், "எழும்பும்! கதிரை சூடாகினால் புள்ளி நடுங்கும்!" என்று கத்துவார். அது பொய் என்று ஏசி திருத்த வந்தவனுக்கே தெரியும்.

வரைபடம் அச்சாகி வந்த அன்று தாளோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஐயா, எங்க வீடு தண்ணிக்குள்ள கெடக்கு."

"மழைக்காலத்தில எடுத்த படமாக்கும்."

"மழ பேஞ்சா ஓடதான் மேல ஏறும். வீடு எறங்கிப் போயி குளிக்குமா?"

"மிசின் பிழை விடாது, இருளப்பன். நீர்தான் பிழையான இடத்தில கட்டியிருக்கிறீர்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அடுத்த நாள் ஐயாவையும் ஏற்றிக்கொண்டு வத்தேகமைப் பக்கம் வேலைக்குப் போனபோது வேனை நேரே என் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"காலு நனையாம எறங்குங்க ஐயா."

அவர் கீழே ஓடையைப் பார்த்தார். மேட்டில் வீட்டைப் பார்த்தார்.

என் மனைவி வேலாயி பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினாள். ஐயா கையை நீட்டி, கிளாஸுக்கு ஒரு சாண் முன்னால் வெறுங்காற்றைப் பிடித்தார். மறுபடி நீட்டி அவள் வளையலைப் பிடித்தார்.

"ஐயாவுக்கு டீ வேணுமா, வளையல் வேணுமா?" என்றாள் அவள்.

சிரிக்கப் போனவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். சீனி வருத்தம், அந்தச் சர்க்கரை நோய், அவர் இடக்கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. ஒற்றைக் கண்ணுக்கு அந்த மிசினில் மலையும் தட்டைக் கடுதாசிதான்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்," என்றார். "கதிரை போனால் தாள் அடுக்கிற அறைக்குள்ள தள்ளிப்போடுவாங்கள். எனக்கு வேற ஒண்டும் தெரியாது."

நான் சொல்லவில்லை. வேலாயியின் வாயைக் கட்டத்தான் பெரும்பாடு பட்டேன்.

ஆனால் மிசின்காரருக்கு வருஷா வருஷம் கண் சோதனை உண்டு. நான்தான் கூட்டிப்போனேன். கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, பெரிய ஈயின் படத்தைக் காட்டி, சிறகைக் கிள்ளச் சொன்னார் டாக்டர் அம்மா. இரண்டு கண்ணும் சரியென்றால் சிறகு தாளுக்கு மேலே எழும்பித் தெரியும். ஐயா பழைய ஞாபகத்தில் காற்றை அழகாகக் கிள்ளினார். டாக்டர் அம்மா படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். இப்போது சிறகு தாளுக்கு அடியில் இறங்கித் தெரியவேண்டுமாம். ஐயா திரும்பவும் அதே காற்றைக் கிள்ளினார்.

"அந்த ஈ பறந்திட்டுது ஐயா," என்றார் டாக்டர் அம்மா.

கதிரைக்குக் கம்பளையிலிருந்து பரிமளம் என்ற பிள்ளை வந்தாள். தாள் அறைக்குப் போகமாட்டேன் என்று ஐயா வேலையையே விட்டார்.

எங்கள் கந்தோர் மேட்டில் இருந்தது. வேனுக்கு இறங்கக் கருங்கல் படிகள். கடைசி நாள், தலைப்படியில் ஐயா நின்றுவிட்டார். ஒரு காலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போனேன்.

"இருளப்பன், கையைப் பிடியும்," என்றார் மெல்ல. "ஆனால் பிடிச்ச மாதிரித் தெரியக்கூடாது. மேல யன்னலுக்குள்ளால அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது."