நடுக்கம் என்று பெயர் வாங்கியவள்

கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர் நடுக்கம். மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்குவாள். லிஃப்டில் ஏறமாட்டாள், யாராவது இழுத்து ஏற்றினால் கதவு திறக்கும்வரை கண்ணையும் மூச்சையும் சேர்த்து மூடிக்கொள்வாள். ஆய்வகத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் முறை அவளுக்கு வந்தால், பக்கத்தில் நிற்கும் தோழியின் கை தானாக நீண்டு தீப்பெட்டியை வாங்கிக்கொள்ளும். அந்தத் தோழிக்குப் பெயர் சூறாவளி. எதையும் செய்து முடித்துவிட்டு, ஏன் செய்தோம் என்று பிறகு யோசிக்கிறவள். இந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பது வகுப்புக்கே விளங்காத விஷயம்.

பயம் அவளுக்கு அம்மா வழிச் சொத்து. அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின்; தரையெல்லாம் நீல நூல் துணுக்குகள். மகள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டால் போதும், மெஷின் நின்றுவிடும்.

"ரோட்ட ரெண்டு பக்கமும் பாத்துக் கடக்கணும். பஸ் நல்லா நின்னப்புறம் எறங்கு. தெரியாத நாய் கிட்ட வந்தா முகத்தப் பாக்காதே."

"தெரிஞ்ச நாயி நமக்கு எங்கம்மா இருக்கு?" என்பாள் மகள்.

அப்பா பஸ் கண்டக்டர். இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

இரண்டாம் ஆண்டில் எல்லாரும் ஏதாவது ஒரு சுற்றுச்சூழல் தொண்டில் சேர வேண்டும் என்றது கல்லூரி. கடற்கரையில் குப்பை அகற்றலாம், காட்டோரம் தீத்தடுப்புப் பாதை வெட்டலாம், நாற்றுப் பண்ணையில் உதவலாம், ஏரியில் ஆகாயத்தாமரையை வாரலாம். அவள் யோசிக்காமல் நாற்றுப் பண்ணை என்றாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றி யாருக்கும் கைகால் போனதாக அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பாதி வகுப்பு அதே கணக்கைப் போட்டிருந்தது. பொறுப்பில் இருந்த தாவரவியல் மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"பண்ணையில செடிய விட ஆளுங்க அதிகமாயிடுச்சும்மா. நீ ஏரிக்கு வா. உன் ஃப்ரெண்டும் அங்கதான் இருக்கா."

ஏரி ஊரின் ஓரத்தில் இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாதபடி பச்சைப் போர்வை மூடிக் கிடந்தது. மற்றவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கிக் களையை வாரி எறிய, இவள் கரையில் நின்றுகொண்டு குச்சியால் தட்டித் தட்டி, பாம்பு இல்லை என்று உறுதி செய்தபிறகே குவியலில் சேர்ப்பாள். அவள் குவியல்தான் எப்போதும் சின்னது. ஆனாலும் வாரங்கள் போகப்போக அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. களை எடுத்த இடத்தில் ஒரு துண்டு வானம் தண்ணீருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் அந்தத் துண்டின்மேல் ஒரு மீன்கொத்தி பாய்ந்து எழுந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதை இரண்டு முறை சொன்னாள்.

குழுவில் நெட்டை என்று ஒருவன். நல்ல உயரம், அதைவிட நல்ல வாய். கரையோரம் பாழடைந்து நின்ற பம்ப் அறைக்குள் முதலில் எட்டிப் பார்த்தவன் அவன்தான். கதவு என்றைக்கோ பெயர்ந்து போயிருந்தது. உள்ளே தரையில் ஓர் இரும்பு மூடி. கடப்பாறையால் நெம்பித் தூக்கினால், கீழே ஆழமான தொட்டி. அடியில் கருஞ்சேறு, அதன்மேல் குன்றாகப் பிளாஸ்டிக் பாட்டில்கள். மழைக்காலத்தில் வாய்க்கால் கொண்டுவந்து சேர்த்த குப்பை.

"புதையல்டா சாமி. இத அள்ளிட்டா இந்த வாரம் நம்ம குழுதான் முதல்," என்றான்.

மேடம் அப்போது எதிர்க்கரையில் இன்னொரு குழுவோடு இருந்தார். கரையில் கிடப்பதை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார். அறையில் இருந்தது மூன்று பேர்: நெட்டை, சூறாவளி, நடுக்கம். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. நடுக்கம் வாசலுக்கே ஓடிவிட்டாள்.

"வேணாம்டா. மேடம் வரட்டும்."

"மேடம் வந்தா வேணாம்னுதான் சொல்லுவாங்க. அதுக்குள்ள முடிச்சிரலாம்," என்றாள் சூறாவளி.

தொட்டிச் சுவரில் இரும்புப் படிகள் பதிக்கப்பட்டிருந்தன. நெட்டை முதல் படியில் காலை வைக்கப் போனபோது, களைக்கட்டுகளைக் கட்டி இழுக்கும் கயிற்றை எடுத்து நீட்டினாள் நடுக்கம். படி துருப்பிடித்துக் கிடக்கிறது, உடைந்தால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னை என்ன மாடுன்னு நெனச்சியா? கட்டி எறக்குறே."

"கட்டிக்கடா. இல்லன்னா நான் இங்கயே நின்னு அழுவேன்."

அவள் அழுதால் சீக்கிரம் நிற்காது என்று அவனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான். மறுமுனையை இவள் வாசலில் நின்ற இரும்புத் தூணில் சுற்றினாள். அவன் இறங்கினான். சாக்கில் பாட்டில்களை நிரப்பினான். சூறாவளி குனிந்து மேலே வாங்கினாள். கீழேயிருந்து அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஏய், நாத்தம் போயிருச்சுப்பா. இப்ப ஒண்ணுமே வரல."

வாசலில் நிற்கிற நடுக்கத்தின் மூக்கில் நாற்றம் அப்படியே இருந்தது. நடுவில் நிற்கிறவனுக்கு அது எப்படிப் போகும்? காரணம் சொல்லத் தெரியவில்லை. ஏதோ தப்பு நடக்கிறது என்று உடம்பு மட்டும் சொன்னது.

"மேல வாடா. வந்துருடா," என்றாள்.

அவன் அடுத்த சாக்குக்காகக் குனிந்தான். நிமிரவில்லை. அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்து பாட்டில் குவியலின்மேல் விழுந்தான். பாட்டில்கள் சளசளவென்று சரிந்து அடங்கின. அதற்குப் பிறகு வந்த அமைதியைப் போல ஒன்றை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

சூறாவளி தன் பேருக்கேற்ற காரியத்தைச் செய்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தொட்டிக்குள் காலை வைத்தாள். நடுக்கம் வாசலிலிருந்து பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். இருவரும் தரையில் உருண்டார்கள்.

"விடுடி. செத்துருவான் அவன்."

"போகாதே."

"விடுன்னு சொல்றேன்ல."

"நீயும் விழுந்துருவே. போகாதே, போகாதே."

சூறாவளி முழங்கையால் முகத்தில் இடித்தாள். இவள் உதடு கிழிந்தது. பிடி தளரவில்லை. அது பலமா என்றால் இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடிப்பானே, அந்தப் பிடி. அந்த நேரத்தில் அவள் மனதில் நெட்டை இல்லை, நியாயம் இல்லை. அந்தக் கறுப்பு வாயருகே தன்னைத் தனியாக விட்டுவிட்டு இவளும் போய்விடக் கூடாது என்ற ஒரே கிலிதான் இருந்தது.

"அப்ப கயித்தையாவது இழுடி," என்று அலறினாள் சூறாவளி.

இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். அவன் உடம்பு பாதி மேலே வந்தது, தலை தொங்கியது, படியில் தோள் மாட்டியது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. கூச்சல் கேட்டுக் கரையிலிருந்த பிள்ளைகள் சேறும் சகதியுமாக ஓடிவந்தார்கள். வந்ததுமே ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கப் பார்த்தான். நடுக்கம் கயிற்றை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத் தொட்டி வாயின் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். நாற்காலிமேல் ஏறவே நாலு தடவை யோசிக்கிறவள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, "யாரும் எறங்காதீங்க, இழுங்க," என்பதையே மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோளை விடுவித்து மேலே தூக்கியபோது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. வெளியே காற்றில் கிடத்தினார்கள். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எதிர்க்கரையிலிருந்து ஓடிவந்த மேடம் அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கு," என்றார். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் ஒரு டாக்டர் வந்து சொன்னார். அழுகிய சேற்றிலிருந்து கிளம்புகிற வாயு அது. கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் மோசமான நேரம்.

"இன்னொருத்தர் எறங்கியிருந்தா, நான் இப்ப ரெண்டு வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்," என்றார்.

சூறாவளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் போனதும் மெதுவாகக் கேட்டாள். "உனக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதுக்குடி என்னைப் பிடிச்சே?"

"பயமா இருந்துச்சு."

சூறாவளி அதன்பிறகு நெடுநாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் தன் உயிர் ஒரு நடுக்கத்தின் கையில் மாட்டிக்கொண்டு நின்றது என்பதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நெட்டை பிழைத்தான். அந்த நாள் மட்டும் அவன் நினைவிலிருந்து துடைத்ததுபோல் போய்விட்டது. பேச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நடுக்கத்தைத் தைரியசாலி என்றார்கள். அந்த வார்த்தை அவளுக்குக் கூசியது. ஏனென்றால் அவள் பயம் அன்றைக்குத்தான் வயதுக்கு வந்ததுபோல் வளர்ந்து நின்றது. தெருவில் சாக்கடை மூடியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவாள். வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் மூடியை அம்மா திறந்தால் அடுத்த அறைக்கு ஓடுவாள். பாட்டில்கள் உருளும் சத்தம் கேட்டால் சாப்பாடு இறங்காது. நாற்றம் வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். சும்மா இருக்கும்போதே உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய், சோப்பு வாசனை வருகிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

"இனிமே ஏரி கீரின்னு ஒண்ணும் வேணாம். காலேஜ் உண்டு, வீடு உண்டுன்னு இரு," என்றாள் அம்மா. மகள் சரி என்றாள்.

ஒரு மாலை தாவரவியல் மேடம் வீட்டுக்கு வந்தார். அம்மா மெஷினருகே கிடந்த துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏரி வேலைய திரும்ப ஆரம்பிக்கச் சொல்றாங்க காலேஜ்ல. எனக்குத் தூக்கமே வரல," என்றார். "அந்த அறைய நான் ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கணும். பாக்கல. இந்தப் பசங்கள்ல ஒருத்தருக்கும் பயமில்ல. பயப்படற ஆள் ஒருத்தி என்கூட வேணும். முன்னாடியே போய்ப் பாத்துட்டு வரலாம். ரெண்டு பேருமா."

"அவ ராத்திரி லைட்ட அணைக்க விடமாட்டேங்கிறா மேடம்," என்றாள் அம்மா. குரலில் கெஞ்சல் இருந்தது.

"எங்க வீட்டுலயும் லைட் எரிஞ்சுகிட்டுதாங்க இருக்கு."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நடுக்கம் போனாள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வாந்தி எடுத்தாள். மேடத்தின் கையை விடாமல் கரையைச் சுற்றினாள். ஓரிடத்தில் மண் உள்வாங்கியிருந்தது. ஓரிடத்தில் ஒரு மின்கம்பி தாழத் தொங்கியது. அவள் பார்வை படாத பொந்து இல்லை. பயந்த கண் அப்படித்தான் துழாவும். அங்கெல்லாம் யாரும் போகக் கூடாது என்று மேடம் பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் முனகினார்கள். மதியம் சூறாவளி தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது சூறாவளி, "அந்த மண்ணு உள்வாங்குன குழிய நானும் வந்து பாக்கட்டுமா? தள்ளி நின்னு," என்றாள்.

படிப்பு முடிந்ததும், கல்லூரிப் பிள்ளைகளைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் ஏரிக்கும் அழைத்துப்போகும் ஒரு தொண்டு அமைப்பில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். ஒரு குழு கிளம்புவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு அவள் போய்வந்திருக்க வேண்டும். அது அங்கே எழுதப்படாத சட்டம். இத்தனை வருஷத்தில் பயம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பாள். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி லைட்டை அணைக்கமாட்டாள். பிள்ளைகளுக்கு அவள் அறுவை. முதுகுக்குப் பின்னால் அவளைப்போல நடந்து காட்டுவார்கள்.

போன மாதம் ஒரு மலையடிவாரத்தில், பட்டுப்போன மரங்கள் நிற்கிற சரிவு வழியாகப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டாள். சுற்றுவழியில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பெண் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அக்கா, அங்க ஒண்ணும் ஆகாதுக்கா. காத்துகூட இல்ல. நீங்க சும்மா பயப்படறீங்க."

"இருக்கலாம்மா," என்றாள் அவள். "நட."

மரம் எதுவும் விழவில்லை. அந்தப் பெண் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். எல்லாரும் கன்றுகளை நட்டு முடித்து, கைகால் கழுவி, சிரிப்பும் சண்டையுமாகப் பஸ்ஸில் ஏறினார்கள். அவள் படியில் நின்று தலைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பப் போனார்.

"ஒரு நிமிஷம் அண்ணே," என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.