அப்பா திருப்பிச் சொன்ன ஆங்கிலச் சொற்கள்

எழுபதுகளின் கடைசியில் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். ஆங்கில ஆசிரியையாக வருவதற்கு, ஆசிரியர் கலாசாலையின் நுழைவுப் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். நுவரெலியா சந்தைக்கு வெளியே பழைய புத்தகம் விற்பவரிடம் அப்பா ஒரு புத்தகம் வாங்கிவந்தார். அட்டை இல்லை, உள்ளே முழுக்கக் கடினமான ஆங்கிலச் சொற்களும் அவற்றின் அர்த்தமும். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. பொடி எழுத்தாக இருந்ததால் பெரிய படிப்பாகத்தான் இருக்கும் என்று எடுத்தாராம்.

அவருக்குத் தேயிலை ஆலையில் வேலை. சாயங்காலம் சட்டையெல்லாம் தூளோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, சத்தமாகப் படிக்கச் சொல்வார். நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் தன் நாக்குக்கு வந்தபடி திருப்பிச் சொல்வார், அர்த்தம் கேட்பார். 'ஒப்ஸ்டினேட்' என்றால் பிடிவாதம் என்றேன். "அப்ப ஒங்க அம்மாவுக்கு இங்கிலீசுலயும் பேரு இருக்கு" என்றார். அம்மா காதில் விழாதவள் போல அடுப்பை ஊதினாள்.

அந்த வருஷ மழையில் அவர் குரல் கம்மியது. தோட்டத்து மருந்துச்சாலையில் இருமல் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரொட்டியை விழுங்க முடியாமல் போனபிறகுதான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்தவள் என்பதால் நான் கூடப் போனேன்.

தொண்டையில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். மறுமுறை போனபோது பெரிய டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த இளம் டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். 'மெலிக்னன்ட்' என்றார். அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, மருந்து தருகிறோம், கஞ்சியாகக் குடியுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

அந்தச் சொல் என் புத்தகத்தில் இருந்தது. கேடு நினைக்கிற, தீங்கான என்று மனப்பாடம் செய்திருந்தேன். அதன் கீழேயே, நோயைச் சொன்னால் உயிரைக் கொல்லக்கூடியது என்றும் போட்டிருந்தது.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் அப்பா காற்றுக் குரலில் கேட்டார். "டாக்டரு மெலிக்கினன்னு ஒண்ணு சொன்னாரே. நீ படிச்சதுதானே அது?"

தலையாட்டினேன்.

"அதுக்கு என்னா அர்த்தம்?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, விடு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு, "டாக்டருமாரு பேசுற இங்கிலீசு ஒனக்கு வெளங்குதே, புள்ள" என்றார். அதில் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர்தான் விடவில்லை. படுத்தபடியே கையால் காட்டுவார். நான் படிப்பேன், அவர் உதடு மட்டும் அசையும். நோய், சாவு என்று பொருள் வரும் சொற்களைத் தாண்டிப் போவேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தை பிறப்பதற்குள் போய்விட்டார்.

பரீட்சை கண்டியில் நடந்தது. ஆங்கிலத்தில் ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்து, அதிலிருந்து கேள்வி கேட்டிருந்தார்கள். மழைநாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் பாடமாக்கிய கடினச் சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. சீக்கிரமே எழுதி முடித்துவிட்டு, மணி அடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேறிவிட்டேன். கலாசாலைக்குப் புறப்பட்ட அன்று கொழுந்து அதிகம். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் என் தலையைத் தடவிவிட்டு மலைக்குப் போனாள். மாமாதான் பெட்டியைத் தூக்கிவந்து பஸ் ஏற்றிவிட்டார். திருப்பத்தில் அம்மா வேலை செய்யும் மலை தெரிந்தது. தூறலுக்குக் கம்பளி போர்த்துக்கொண்டு பெண்கள் வரிசையாகக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அம்மா யாரென்று தெரியவில்லை. பொதுவாகக் கையை அசைத்தேன். யாரும் நிமிரவில்லை.