யாழினியின் எடை

போன செவ்வாய்க்கிழமை மதியம். ஒரு தூக்கம் போடலாம் என்று பாயை விரித்தேன். மாடி போர்ஷனிலிருந்து 'அக்கா...' என்று ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்ட பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

மாடியில் குடியிருப்பவர் முருகேசன். திருநெல்வேலிக்காரர். ஒசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லாரி எடைமேடையில் வேலை. மனைவி கார்மெண்ட்ஸில். இவர் ஏ ஷிஃப்ட் முடிந்து வர, அவர் பி ஷிஃப்டுக்குக் கிளம்ப, குழந்தை யாழினி வாசலில் கைமாறுவாள். எங்கள் ஊரில் பாதிப் பேரின் குடும்ப வாழ்க்கை இப்படி வாசற்படியில்தான் நடக்கிறது!

அன்று அம்மா கிளம்பிப் போன சற்று நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்துவிட்டது. ஒரு வயது இன்னும் முடியவில்லை. முருகேசன் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மனைவிக்குச் சொல்லலாம் என்றால், அந்தக் கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆட்டோ பிடித்தோம்.

நர்சிங் ஹோம் போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகை காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

டாக்டரம்மா பார்த்தார். "மறுபடி வரலாம். மருந்தை நரம்புல மெதுவா ஏத்தணும். வெயிட் பாருங்க" என்று சரோஜா சிஸ்டரிடம் சொன்னார். குழந்தைகளுக்கு எல்லாமே கிலோ கணக்குதானாம். ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்கி, அதை மில்லியாக மாற்றி, அப்புறம்தான் ஊசியில் எடுக்க வேண்டும்.

யாழினி எடை மெஷினில் படுத்தால்தானே? உதைத்தாள், புரண்டாள். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. முருகேசன் பொறுமையிழந்தார்.

"சிஸ்டர், நான் தூக்கிட்டு பெரிய மெஷின்ல நிக்கேன். என் வெயிட்டு எனக்குத் தெரியும். போன வாரந்தான் கம்பெனி மெடிக்கல்ல பார்த்தாவ. கழிச்சிருங்க. லோடு லாரிக்கு நாங்க அப்படித்தான் போடுதோம்."

மொத்த எடையில் வண்டி எடை போக மீதி சரக்கு. மனுஷனுக்கு அந்தப் பதற்றத்திலும் தொழில் கைகொடுக்கிறதே என்று நான் மெச்சிக்கொண்டேன். சரோஜா சிஸ்டர் கழித்தார். பத்து கிலோ. மளமளவென்று கணக்குப் போட்டு, ஊசியில் மருந்தை எடுத்து, தட்டில் வைத்தார்.

அப்புறம் போட வேண்டியதுதானே? போடவில்லை!

"ஷில்பா, வா" என்று அடுத்த அறையில் இருந்த இன்னொரு நர்சைக் கூப்பிட்டார். தன்னுடைய விடையைச் சொல்லாமல், டாக்டர் எழுதியதையும் குழந்தையின் எடையையும் மட்டும் காட்டினார். எனக்கு எரிச்சல் பொங்கியது. குழந்தை இங்கே துடிக்கிறது, இவர்களுக்குப் பரீட்சை கேட்கிறதா?

"ஒருத்தர் போட்டா பத்தாதாம்மா?" என்றேன்.

"இருங்கம்மா, ஆவுது. இந்த மருந்துக்கு ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டு ஒண்ணா வரணும். அதான் இங்க ரூல்" என்றார் சரோஜா.

ஷில்பா கன்னடத்துக்காரப் பெண். உதட்டுக்குள் கன்னடத்தில் முணுமுணுத்தபடி ஆரம்பித்தாள். சட்டென்று நிறுத்தினாள். குழந்தையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"பத்து கிலோவா? இருக்காது சார்."

"மெஷினே சொல்லுச்சேம்மா" என்றார் முருகேசன்.

அவள் அவர் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரும்பு மூக்கு வைத்த கனத்த சேஃப்டி ஷூ.

"கம்பெனி மெடிக்கல்ல இதோடயா நின்னீங்க?"

முருகேசன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அங்கே வெறும் காலோடு, பனியனோடு நின்றிருக்கிறார். இங்கே ஷூ, தடித்த யூனிஃபார்ம், இடுப்பில் சாவிக்கொத்து, செல்போன். அத்தனையும் யாழினியின் கணக்கில் ஏறிவிட்டது.

குழந்தையை என் தோளில் போட்டுத் தட்டி, அழுகை அடங்கியதும் சின்ன மெஷினில் படுக்க வைத்தார்கள். எட்டு கிலோ. சரோஜா தான் ஊசியில் எடுத்து வைத்த மருந்தைக் கொட்டிவிட்டார். முதலிலிருந்து இருவரும் ஆளுக்கொரு மூலையில் கணக்குப் போட்டார்கள். சரோஜா தன் தாய்மொழியான தெலுங்கில், ஷில்பா கன்னடத்தில். இரண்டு பேரும் தமிழில் சொன்ன விடை ஒன்றாக இருந்தது.

அதன் பிறகுதான் மருந்து ஏறியது. எவ்வளவு மெதுவாக! சரோஜாவின் ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் குழந்தையின் நெஞ்சில். ஊசியின் மேல் இருக்கும் அந்தச் சின்னச் சின்னக் கோடுகளை நான் வாழ்நாளில் இப்படிப் பார்த்ததில்லை. ஒரு கோடு மேலே போனால், கீழே போனால்...

"கூடப் போயிருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?" என்று கேட்டார் முருகேசன்.

"மூச்சு மந்தமாகலாம். பிரஷர் இறங்கலாம். இப்ப அதை நினைக்காதீங்க" என்றார் டாக்டர்.

முருகேசன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் சரோஜாவிடம் மெல்லக் கேட்டேன்: "உங்க கணக்கை அந்தப் பொண்ணு தப்புன்னு சொல்லிடுச்சே, கோபம் வரலையா?"

"எதுக்கு வரணும்? நாளைக்கு அவ கணக்கை நான் பார்ப்பேன் இல்ல?"

எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது. நான் மூடிய கேஸை வீட்டுக்காரர் இன்னொரு தடவை திருகிப் பார்த்தால் போதும்... ரெண்டு நாள் பேச மாட்டேன். 'என் மேல நம்பிக்கை இல்லையா?' என்பதுதானே நம் வீடுகளில் பெரிய சண்டை? ஆனால் இந்த இரண்டு பெண்களும், 'நான் தப்பு செய்யக்கூடியவள், நீ பார்' என்று ஒருவருக்கொருவர் கழுத்தை நீட்டி நிற்கிறார்கள். தினமும்! இதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்?

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. யாழினி கண் விழித்தாள். பேண்டேஜ் சுற்றிய கையை நீட்டி, குனிந்த அப்பாவின் மீசையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

நல்ல இழுப்பு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மனிதருக்கு. கையை விலக்கப் போன என்னை, "இருக்கட்டும்க்கா..." என்று தடுத்துவிட்டார்.