சேலையோடு கொடுத்த வாழ்த்துப்பா

உயிரோடிருக்கும் கவிஞரின் கடதாசிகளைப் பொறுப்பெடுப்பதைப் போல ஒரு தலையிடி உலகத்தில் இல்லை. காலஞ்சென்ற கவிஞர்கள் நல்லவர்கள், பெட்டியில் வைத்த இடத்தில் இருப்பார்கள். எங்கள் ஹாஜியாரோ, எல்லாவற்றையும் ஒப்படைத்த கையோடு சட்டைப் பையில் பேனையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

"மகள், அந்த நீலப் பைலைக் கொஞ்சம் எடுங்க. ஒரு சொல்லு சரியில்ல, மாத்தணும்."

பேனையைப் பிடுங்கி என் மேசை லாச்சியில் போட்டேன்.

கண்டியில் ஒரு நூலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கம்பளையிலிருக்கும் என் வீட்டார் முதல் நூலகக் காவலாளி வரை சொல்வார்கள். கவிதைக்குள் துருப்பிடித்த குண்டூசியைக் குத்தி வைக்கிறவரோடு பழகினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஹாஜியார் கட்டுகஸ்தோட்டையில் புடவைக் கடை நடத்தியவர். கடை இப்போது மகன்மார் கையில். சேர்ட்டுக்குள் வைத்து வரும் மட்டை, சேலைப் பெட்டியின் மூடி என்று கைக்கு அகப்பட்டதிலெல்லாம் கவிதை எழுதி, ஆறு புத்தகம் போட்டிருக்கிறார். மட்டைகளை அடுக்கி வைக்கும்போது இன்னமும் புதுத்துணி வாசம் வரும். கோபத்தை விட்டுப் பார்த்தால், எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

அவற்றை எடுத்துவர அவருடைய வீட்டுக்குப் போன அன்றுதான் சண்டை தொடங்கியது. உடையவர் வைத்திருந்த ஒழுங்கிலேயே ஆவணங்களை எடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் முறை. ஆகவே அலுமாரியைத் திறந்ததும் தட்டுத் தட்டாகப் படம் பிடித்தேன். கீழ்த்தட்டில் ஓரிடத்தில் மட்டும் தூசியில்லை. பெரிய கட்டு ஒன்று அண்மையில்தான் அங்கிருந்து போயிருந்தது.

"இங்க என்ன இருந்துச்சுங்க ஹாஜியார்?"

"அது சும்மா, கடைக் கடதாசி."

குசினியிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "பொய் சொல்லாதீங்க! மகள், அது கலியாண வாழ்த்து. கட்டிலுக்குக் கீழ ஈக்குது."

அந்த அம்மாவை நான் உம்மா என்றுதான் கூப்பிடுவேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவரே விளக்கினார். இந்தப் பக்கத்தில் கலியாணம் என்றால் மணமக்களுக்கு ஒரு வாழ்த்துப்பா எழுதி, அச்சடித்து, விருந்தில் வாசித்து, பிரேம் போட்டுக் கொடுப்பார்கள். ஹாஜியாரின் கடையில் கலியாணச் சேலை எடுத்தால் வாழ்த்துப்பா இலவசம். அலவத்துகொடையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் அதற்காகவே பஸ் ஏறி வந்தவர்கள் உண்டாம்.

எனக்கு வாயூறியது. ஒரு கவிஞர் ஊருக்கு எழுதியது, கடைக்காரர் வாடிக்கையாளருக்கு எழுதியது, இரண்டும் ஒரே கட்டுக்குள்! இது இல்லாமல் அவருடைய ஆவணம் எப்படி முழுமையாகும்?

"வியாபாரத்துக்கு எழுதினது கவிதையில்ல" என்றார் ஹாஜியார். "அந்தக் கட்டை உள்ள எடுத்தா, நான் எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். நான் எவ்வளவு கெஞ்சியும், பிறகு கத்தியும், அசையவில்லை. அவருடைய கடதாசி, அவருடைய உரிமை. மட்டைகளையாவது இழக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு பெட்டிகளை வேனில் ஏற்றினேன். உம்மா மட்டும் கேற் வரை வந்து, "நீங்க கவலப்படாதீங்க. இவர் தராட்டி ஊர் தரும்" என்றார். அதை ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வாசகர்களுக்காகத் தொகுப்பைத் திறந்து வைக்கும் நாள் வந்தது. நாற்பது கதிரை போட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். இலக்கியக் கூட்டத்துக்கு அதுவே அதிகம். காலையிலேயே வாசலில் சனம். ஆளாளுக்குக் கையில் ஏதோ ஒன்று, துவாயில் சுற்றி, பத்திரிகையில் சுற்றி, ஒருவர் தலையணை உறையில் போட்டு. உள்ளே கொண்டுவந்து பிரித்தால் எல்லாம் பிரேம் போட்ட வாழ்த்துப்பா. சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். உம்மா சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டிருக்கிறார். அது ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறது.

முன்வரிசையில் இருந்த ஹாஜியாரின் முகம் செத்துப்போனது. மனிதர் இப்போதே எழுந்து பெட்டிகளைக் கேட்டால் என்ன செய்வது?

அதற்குள் அலவத்துகொடையிலிருந்து வந்த ஒரு பெண், யாரும் அழைக்காமலே ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். "எங்கட கலியாணத்துக்கு ஹாஜியார் எங்களுக்கெண்டே எழுதித் தந்தது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வாசித்தார்:

"மாப்பிள்ளையே, உன் வாசலுக்கு மழை வந்திருக்கிறது.
குடை விரிக்காதே, நனைந்துகொள்."

அடுத்த வரியை அவர் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. பின்வரிசையில் கம்பளைப் பெண் ஒருவர் எதையும் பார்க்காமலே சொன்னார்:

"கூரை ஒழுகும் நாளிலும் இவளைக் கோபிக்காதே.
ஒழுகும் கூரையின் கீழும் இரண்டு பேர் சிரிக்கலாம்."

ஜன்னலோரம் நின்ற இன்னொருவர் அதற்கடுத்த வரியைச் சொன்னார். பிறகு யார் யாரோ சேர்ந்துகொண்டார்கள். கடைசி வரியில் பாதி மண்டபம் ஒரே குரலில் முடித்தது. முடித்துவிட்டு எல்லோரும் பக்கத்திலிருந்தவரின் பிரேமை எட்டிப் பார்த்தார்கள். மணமக்களின் பெயர் வேறு, மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே!

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வியாபாரமாவது, கவிதையாவது! மனிதர் இத்தனை நாளும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்.

"ஹாஜியார்!" என்று ஒருவர் எழுந்தார். "இது எங்களுக்கெண்டே எழுதினது எண்டு சொல்லித்தானே தந்தீங்க?"

ஹாஜியார் மெல்ல எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கவில்லை.

"பிழைதான். ஆரம்பத்தில ஒவ்வொருத்தருக்கும் புதுசு புதுசாத்தான் எழுதினேன். சீசன் வந்தா ஒரே நாளையில எத்தனையோ கலியாணம். சாரியையும் எடுத்துட்டு, நாளைக்கே வாழ்த்தும் வேணும் எண்டு நிப்பாங்க. இது ஒண்டு நல்லா அமைஞ்சிட்டுது. பேரை மாத்திக் குடுத்தேன். பிறகு நிப்பாட்ட ஏலாமப் போயிட்டுது. கவிஞன் எண்டு சொல்லிக்கொண்டு இப்படிச் செஞ்சிட்டேனே எண்டு வெக்கம். அதாலதான் கட்டிலுக்குக் கீழ வெச்சேன்."

"பேரை மாத்தி மாத்தி எழுதினது நான்" என்றார் உம்மா, தலையை நிமிர்த்தி. "எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

முதலில் சிரித்தது கேள்வி கேட்ட அதே மனிதர்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. யாருடைய பிரேம் மூத்தது என்று திகதி பார்க்கத் தொடங்கினார்கள். "அப்ப நாங்க எல்லாரும் ஒரே வாழ்த்தில கலியாணம் முடிச்ச ஆக்கள்" என்று கம்பளைப் பெண்ணும் அலவத்துகொடைப் பெண்ணும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வாசிப்பறையில் தின்னவே கூடாது என்று சட்டம் பேசுகிற நான், அந்த மண்டபத்தில் யாரோ கொண்டுவந்து பங்கிட்ட வட்டிலப்ப இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஹாஜியார் மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தார். மெதுவாகச் சொன்னார்:

"ஆறு புத்தகம் போட்டேன், மகள். அதுல ஒரு வரியாவது இவ்வளவு பேருக்குப் பாடமா தெரியுமா?"

பிரேமும் கையுமாக நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டிலுக்குக் கீழ ஈக்கிறதை நாளைக்கு ஆள் அனுப்பி எடுங்க" என்றார்.

நான் ஆள் அனுப்பவில்லை, நானே போவதாகச் சொன்னேன். அந்த நேரம் ஒரு மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருடைய பிரேமின் கண்ணாடியில் ஒரு மூலை வெடித்திருந்தது. மகளுக்கு வாற மாதம் கலியாணம் என்றும், சேலையை ஹாஜியாரின் கடையில்தான் எடுத்தோம் என்றும் சொன்னார்.

ஹாஜியாருக்கு ரோஷம் பொங்கிவிட்டது. "இந்த முறை ஏமாத்த மாட்டேன். உங்கட மகளுக்கெண்டே புதுசா எழுதித் தாறேன்" என்றார்.

"புதுசு வாணாம் ஹாஜியார்" என்றார் அந்த மனிதர். "எங்களுக்குத் தந்ததையே தாங்க."