பாஸ்வேர்டைக் கழற்றிய நிபுணர்

இன்று காலையிலிருந்து என் லினக்ஸ் லேப்டாப், பாஸ்வேர்டு போட்ட எந்த வைஃபையிலும் சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை வந்த இன்டர்நெட்காரர் திரையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“லினக்ஸா? விண்டோஸ் போட்டுடுங்க சார்.”

“வைஃபையை இயக்குற டிரைவர் சாஃப்ட்வேர் பழசுங்க. அதை மாத்தினா போதும்.”

“அதெல்லாம் எதுக்குங்க?” என்றவர், ரூட்டரில் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டார். “பாத்தீங்களா, ஓடுது!”

சாவி திரும்பாவிட்டால் கதவைக் கழற்றுகிற நிபுணர்!

அவர் போனதும் நானே டிரைவரை மாற்றி, பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டேன். உடனே மாடி வீட்டு சார் இறங்கி வந்தார்.

“என்னங்க, உங்க வைஃபை கட்டாயிடுச்சு? ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேன். காலையில வந்தவரையே கூப்பிடுங்க, அவரு வந்துட்டுப் போனதும் நல்லா வந்துச்சு!”

உங்கள் மாடி வீட்டுக்கும் நெட் வேண்டுமா? சொல்லுங்கள், அவர் நம்பர் தருகிறேன்.