புகையும் ஒரு வாளித் தண்ணீரும்

எங்களோடு மெய்யியல் படித்தவர்களில் அவர்தான் மூத்தவர், மாவடிப்பள்ளி விவசாயி. நகத்தில் வயல் சேறு இருக்கும். எதைக் கேட்டாலும் ஜன்னலால் வெளியே பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

இந்திய மெய்யியல் வகுப்பில், புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கும் என்றார் பாடம் நடத்திய சேர். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நானும் அப்படி நம்பித்தான் சேர், வயலுக்குள்ள ஓடிப் போய் ஒரு வாளி தண்ணிய வீசினன். அது அறுவடை மெஷின்ட தூசி. நனைஞ்சது, மெஷின் ஓட்டின என்ட மாமா, பொஞ்சாதிட வாப்பா."

சேர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு மேற்கத்தேய மெய்யியல் பரீட்சையில், கண்ணால் கண்டதையும் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு வகுப்பே அந்த வாளியை உதாரணமாக எழுதியது. அவர் மட்டும் எழுதவில்லை. ஏனென்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார்.

"மாமாட மரியாதையையும் பார்க்கணுமே, தம்பி."