கூலி என்ற சொல்லின் மூன்றாவது சீட்டு

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் அவர் "சீட்டு எழுதுறேன்" என்பார். கேட்டவர் சீட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போவார், அல்லது சூதாட்டம் என்று நினைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வருவார். அகராதி அலுவலகம் என்று விளக்கினால் இரண்டு வகையினரும் கிளம்பிவிடுவார்கள்.

அலுவலகம் ஒரு காகிதக் கிடங்கின் மாடியில் இருந்தது. இரும்பு அலமாரிகள், அவற்றில் மரப்பெட்டிகள், பெட்டிகளுக்குள் உள்ளங்கை அகலச் சீட்டுகள். ஒரு சீட்டில் ஒரு சொல், அந்தச் சொல் வந்த ஒரு வரி, வரி எங்கே கிடைத்தது என்ற குறிப்பு, எழுதியவரின் முதலெழுத்து. ஒரு சொல்லின் பொருளோ அது பிறந்த மூலமோ அச்சுக்குப் போக வேண்டுமானால் வெவ்வேறு இடங்களில் கிடைத்த மூன்று சீட்டுகள் வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் 'மூலம் தெரியவில்லை'. விதியைப் போட்டவர் அகராதியின் பழைய ஆசிரியர். அவர் செத்த பிறகும் விதி உயிரோடு இருந்தது.

சீட்டுக்காரர் அங்கே சேர்ந்தது இருபத்து நான்கு வயதில். இப்போது ஐம்பத்தேழு. இதுவரை எழுதிய சீட்டுகள் பதினோராயிரத்துச் சொச்சம். அவற்றில் ஒன்று பொய்.

அவர் சேர்ந்து நான்காம் வருடம் 'க' வரிசை நடந்துகொண்டிருந்தது. கூலி என்ற சொல் அவர் மேசைக்கு வந்தது. தமிழில் அது வேலைக்குக் கிடைக்கும் பணம், ஆள் அல்ல. கடல் தாண்டிப் போன இடங்களில்தான் ஆளாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஆள். டச்சில் ஆள். மலாயில் ஆள். சீனத்தில் அதே ஓசைக்கு இரண்டு எழுத்துகளைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒன்றுக்குக் கசப்பு என்று பொருள், மற்றதற்கு வலிமை. சில நாடுகளில் அது வசை. முகத்தைப் பார்த்துச் சொன்னால் அடி விழும்.

மூலத்தைப் பற்றியும் சண்டை இருந்தது. நம் கூலியிலிருந்து போனது என்றார்கள் சிலர். கோலி என்ற ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர் என்றார்கள் சிலர். துருக்கியில் குல் என்றால் அடிமை, அதுதான் என்றார்கள் வேறு சிலர். நம் கூலிதான் என்பதற்கு இரண்டு சீட்டுகள் இருந்தன. வேலைக்குத் தந்த பணம் எந்த இடத்தில் ஆளாக மாறியது என்று காட்டும் மூன்றாவது சீட்டு இல்லை.

"கிடைக்கலைன்னா மூணு கருத்தையும் போட்டு, தெரியலைன்னு முடிச்சிடு" என்றார் பழைய ஆசிரியர்.

"அடிமைங்கிறதையும் போடணுமா சார்?"

"சொன்னவங்க சொல்லியிருக்காங்க. அந்தச் சொல்லு நமக்கென்ன மாமனா மச்சானா?"

சீட்டுக்காரருக்கு அது அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கப்பல்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அந்தச் சொல்தான். அந்த வருடம் முதுகு போய்க் கட்டிலில் கிடந்தார். ஒரு சாயங்காலம் மகன் அவரிடம், அப்படிக் கூப்பிட்டபோது கோபம் வரவில்லையா என்று கேட்டார்.

"கோபம் எதுக்கு? பொழுது சாஞ்சு துறைமுகக் கேட்டைத் தாண்டிட்டா அவனுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. அடிமைன்னா தாண்ட முடியுமா?" என்று சொல்லிவிட்டு அப்பா சிரமப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் சீட்டுக்காரர் மூன்றாவது சீட்டை எழுதினார். 'துறைமுகச் சரக்குப் பதிவு, ஏடு 14' என்று இடம் குறித்தார். வரி இது: 'கூலி கொடுத்தது பன்னிரண்டு பேருக்கு, அந்தக் கூலிகளைக் கப்பலேற்றியது மறுநாள்.' சம்பளமும் ஆளும் ஒரே வரியில். எழுதி முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை.

பழைய ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "எங்கே பிடிச்சே?"

"பழைய புத்தகம் விக்கிறவர்கிட்ட சார். தனி ஏடா கிடந்தது, பார்த்து எழுதிக்கிட்டேன். வாங்கலாம்னு அடுத்த வாரம் போனா கடையே இல்லை."

பொய் இவ்வளவு சரளமாகத் தன் வாயில் வரும் என்று அவருக்குத் தெரியாது. ஆசிரியர் பச்சை மையில் ஒரு கோடு போட்டார். பச்சைக் கோடு விழுந்தால் அச்சுக்குப் போகலாம்.

அந்த அகராதி வருமுன் அப்பா போய்விட்டார். மகள் பிறந்தது அதற்கு மறுவருடம். வேறு அகராதிகள் அந்த வரியை எடுத்துக்கொண்டன, ஒன்றைப் பார்த்து ஒன்று. ஒருமுறை வேற்றுமொழி அகராதி ஒன்றில் அதே பன்னிரண்டு பேர் கப்பல் ஏறுவதைக் கண்டார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அதன்பின் அலுவலகத்தில் அவரைப்போல் கறாரான ஆள் இல்லை. பக்க எண் இல்லாத சீட்டைக் கிழித்து எழுதியவர் கையிலேயே கொடுப்பார். "பெத்த தாய் வந்து இவன் என் பிள்ளைன்னு சொன்னாலும் பக்க எண் கேட்பாரு" என்பார் அச்சுப்பிழை பார்க்கும் பக்கத்து மேசை மெய்ப்புக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். சீட்டுக்காரரும் கொஞ்சம் சிரிப்பார்.

மகள் வரலாறு படித்தாள். துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ச்சி என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். ஐந்து வருட உழைப்பு. ஆய்வேட்டை அட்டை கட்டிப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கடிதத்தோடு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு உதவி. வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் எழுதியிருக்கார். மூணாம் அத்தியாயம் முழுக்க ஒரே வரி மேல நிக்குது, அந்த ஏட்டோட படம் வேணும்கிறார். உங்க ஆபீஸ்ல நகல் இருக்கும்ல?"

"எந்த வரி?"

அவள் கடிதத்தைப் பார்க்காமல் சொன்னாள். கூலி கொடுத்தது பன்னிரண்டு பேருக்கு. ஓர் எழுத்துத் தவறவில்லை.

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லலை. பட்டம் வாங்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். உங்க சீட்டு, தாத்தாவோட வேலை. வேற யாருக்கு இப்படி அமையும்?"

"பார்க்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தார். சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. மை பழுப்பேறிவிட்டது, பச்சைக் கோடு மட்டும் அப்படியே. சீட்டைக் கிழித்துவிட்டுக் கரையான் மேல் பழி போடலாம். ஆனால் சீட்டைத் தொலைத்தாலும் வரி அச்சில் இருக்கிறது. அவர்கள் கேட்பது ஏட்டை. மதியம் படியிறங்கிக் கீழே கிடங்குக்குப் போனார்.

"எழுதாத பழைய தாள் ஏதாவது கிடக்குமா?"

கிடங்குக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் புதுசு கேட்டு வருவாங்க. எவ்வளவு பழசு வேணும் உங்களுக்கு?"

"எவ்வளவு பழசு இருக்கோ அவ்வளவு."

நான்கு தாள்கள் கிடைத்தன, ஓரம் பொடிந்தவை. அன்று மாலை சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பையில் கைவிட்ட மனைவி அவற்றை வெளியே எடுத்தாள். இது என்ன என்றாள். அவர் சொல்லிவிட்டார். முதலில் தாளைப் பற்றி, பிறகு சீட்டைப் பற்றி. சொல்லி முடிக்கும்வரை அவள் டப்பாவைக் கீழே வைக்கவில்லை.

"மாமா உங்களைக் கேட்டாரா, எனக்காகப் பொய் எழுதுடான்னு?"

"இல்லை."

"இப்ப இவ கேட்டாளா, கள்ள ஏடு பண்ணிக் குடுங்கன்னு?"

"இல்லை."

"கேட்காதவங்களுக்கு வாரி வழங்கறதே உங்க பிழைப்பாப் போச்சு. அவ அரைமணியில வந்துடுவா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவரே சொன்னார். மகள் தோள்பையைக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள். பிறகு உட்கார்ந்து, அறிமுகம் இல்லாத ஒருவரைப் பேட்டி எடுப்பதுபோல் கேள்வி கேட்டாள். எந்த வருடம், யார் ஒப்புதல் கொடுத்தது, வேறு யாருக்காவது தெரியுமா. அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"ஏன்?"

அவர் அப்பா கட்டிலில் கிடந்து சொன்னதைச் சொன்னார்.

"தாத்தா அடிமை இல்லைன்னு சொல்ல ஒரு கப்பல் ஏடு வேணுமா? அவர் சொன்னதையே ஒரு சீட்டா எழுதி வச்சிருக்கலாமே."

"அது மூலத்துக்குச் சான்றாகாதும்மா."

"இது ஆகுமா?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகே நின்றாள்.

"எத்தனை சீட்டுப்பா?" என்றாள் மகள்.

"ஒண்ணுதான்."

"எனக்கு அது எப்படித் தெரியும்?"

ஒருவர் வாயால் சொல்வது ஒரு சீட்டுக்குமேல் ஆகாது. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான்.

மறுநாள் மகள் ஆய்வேட்டைத் திரும்பப் பெற மனு எழுதிக் கொடுத்தாள். ஆறு மாத அவகாசம் கிடைத்தது. புதன்கிழமை இருவரும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போனார்கள். இப்போதைய ஆசிரியர் ஒரு பெண்மணி. சேர்ந்த புதிதில் சீட்டுக்காரர் கிழித்துக் கொடுத்த சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் அழுதவர். அவர் குரலை உயர்த்தவில்லை. உங்கள் முதலெழுத்துப் போட்ட எல்லாச் சீட்டையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும், அதுவரை நீங்கள் அலமாரியைத் தொடக் கூடாது என்றார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பதினோராயிரம். ஆளுக்கு எங்கே போவேன்?"

"நான் பார்க்கிறேன்" என்றாள் மகள்.

"அப்பா சீட்டைப் பொண்ணே சரிபார்த்தாள்னா ஊர் சிரிக்கும்மா."

"மெய்ப்புக்காரர் சார் என்கூட உட்காரட்டும். நான் தப்பைத் தேடித்தான் பார்ப்பேன். என் அஞ்சு வருஷம் போயிருக்கு மேடம்."

சீட்டுக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

இப்போது காலையில் மகள் அவர் அலுவலகத்துக்குப் போகிறாள். அவர் வீட்டில் இருக்கிறார். துணி காயப்போடுகிறார், செய்தித்தாளை இரண்டு முறை படிக்கிறார். மெய்ப்புக்காரர் ஒருநாள் வந்து, "உங்களை மிஞ்சிட்டாய்யா உங்க பொண்ணு. என்னைத் தண்ணி குடிக்கவே விட மாட்டேங்கிறா" என்று சொல்லிவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் செருப்பைத் தேடினார்.

ஐந்தாவது வாரம் ஒரு மாலை அவள் வந்து கைகழுவி உட்கார்ந்தாள். அவர் எதையும் கேட்பதில்லை. மனைவிதான் கேட்பாள்.

"இன்னைக்கு எத்தனை?"

"நூத்தி இருபது. நூத்திப் பதினேழு சரி."

"மிச்சம்?"

"மூணும் ஒரே புத்தகத்திலேர்ந்து. அப்படி ஒரு புத்தகம் எங்கேயும் இல்லைங்கிறாங்க."

எந்தப் புத்தகம் என்று அவருக்கு உடனே தெரிந்தது. அட்டை போன, மருத்துவக் குறிப்புகள் கொண்ட சிறிய புத்தகம். ஆற்றுப் பாலத்தருகே இருந்த நூலகத்தில் பார்த்தார். வெள்ளம் வந்த வருடம் அந்த நூலகமே போய்விட்டது. ஜன்னலோர மேசை, மேலே சுற்றாத மின்விசிறி. எல்லாம் நினைவிருந்தது. சொல்லத் தொடங்கினார்.

மகள் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் கொடுங்கப்பா. எந்த நூலகம், எந்த வருஷம், அப்ப கூட யார் இருந்தாங்க."

அவர் நூலகத்தின் பெயரை எழுதினார். வருடத்தை எழுதினார். மூன்றாவதில் பேனா நின்றது. அந்த வேலையை அவர் என்றுமே தனியாகத்தான் செய்தார். கூட யாரும் இல்லை என்று எழுதினார்.

அவள் வாங்கிப் படித்தாள். தேதி போட்டுக் கையெழுத்தும் போடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.